முப்பத்தேழு வோல்ட்

லிஃப்ட்டில் ஏற இருபது தெத்ரி.
நாணயப் பெட்டியை நானே இரண்டு முறை சரிசெய்திருக்கிறேன்.
எனக்கும் இலவசமில்லை.
ருஸ்தாவி, உருக்காலைப் பக்கத்துக் குடியிருப்பு, ஏழாவது மாடி.

பாரி நகரத்திலிருந்து நனூலி பேசினாள்:
"அப்பா வீட்டு மணி செத்துவிட்டது, லம்சீரா.
மூன்று பேர் அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம்.
பணம் அனுப்பிவிட்டேன். போய்ப் பார்."

அழுத்தினேன். ஒன்றுமில்லை.
பெட்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு
கதவைத் தட்டினேன்.

இரோடி திறந்தார். காலில் கம்பளிச் செருப்பு.
"மணியா? ஆமாம், மணி," என்றபடி
சமையலறைக்குள் போய்விட்டார்.

முதலில் மீட்டரைச் சோதிக்க வேண்டும்.
சந்தையில் வாங்கிய மஞ்சள் மீட்டர்,
சிவப்பு வயரின் கழுத்தில் கட்டுப்போட்டிருக்கிறது.
ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்த பிளக்கில் இரு முனைகளையும் விட்டேன்:
இருநூற்றுப் பதினெட்டு.
சரி, இன்றைக்குப் பொய் சொல்லாது.

ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்
(யாரோ நல்ல மனசோடு திரும்ப மாட்டிவிடாமல்).
மணிச் சுருள்: ஆயிரத்து நூறு ஓம். நலம்.
வாசல் பொத்தான்: அழுத்தினால் மீட்டர் கீச்சிடுகிறது, விட்டால் அடங்குகிறது. நலம்.
பொத்தானிலிருந்து மணிவரை போகும் வயர்:
1

இந்த மலிவு மீட்டரில் ஒன்று என்றால் ஒன்று இல்லை.
திரையின் இடது ஓரத்தில், பக்கத்தில் ஓர் இலக்கம்கூட இல்லாமல்
அது நின்றால்
எண்ணி முடியாது, போய்ச்சேர வழியில்லை என்று பொருள்.

ஃபியூஸை மாட்டினேன். மணியின் முனையில் வோல்ட் பார்த்தேன்.
முப்பத்தேழு.

இருநூறுமில்லை, பூஜ்யமுமில்லை.
தொழிலுக்கு வந்த புதிதில் இப்படியொரு முப்பத்தேழைத் துரத்தி
பகல் முழுக்க ஒருவர் வீட்டுச் சுவரை உடைத்தேன்.
எதிலும் சேராத வயர்
மாடிப்படி விளக்கின் வயரோடு ஒரே குழாயில் படுத்துக் கிடந்தால்
பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசம்போல
கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.
வாசத்தில் வயிறு நிறையாது.
சின்ன பல்பு ஒன்றை இணைத்தேன்;
முப்பத்தேழு சட்டென்று பூஜ்யம்.
பல்பு இமைகூட அசைக்கவில்லை.

கோட்டு மாட்டும் ஆணிக்கு மேலே சந்திப்புப் பெட்டி.
மூடியைத் திறந்தால் தெரிந்தது.
எலி இப்படிக் கடிக்காது.
நேராக வெட்டிய செம்பு, மேலே புது நீல டேப், மூன்று சுற்று,
பின்னால் அவிழ்க்க வசதியாக
நுனியை மடித்தும் விட்டிருந்தது.

இரோடி இரண்டு காபிக் கோப்பைகளோடு நின்றார்.
"கண்டுபிடித்துவிட்டாய்."

"மணிக்கு எல்லோரும் ஒரே விரல்," என்றார்.
"கேஸ் பில்காரன், மாடி மாறி இறங்கிய குடிகாரன்,
சாவுச் சேதி கொண்டுவருகிறவன், எல்லோருக்கும் ஒரே ட்ர்ரிங்.
தட்டினால் ஆள் தெரியும்.
மூன்றாம் மாடி ஸுராப் மோதிரத்தால் தட்டுவான்.
அவன் மனைவி உள்ளங்கையால்.
நீ இடது கையால் தட்டினாய், வலது கையில் கனம்."

"அந்த மூன்று பேர்?"
"தட்டத் தோன்றாதவர்கள்."

சிரித்தேன். பிறகு கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டேன்:
"நனூலி எப்படித் தட்டுவாள்?"

காபியில் சர்க்கரை கரைந்துவிட்டது,
அவர் இன்னும் கலக்கிக்கொண்டிருந்தார்.
"அவளிடம் சாவி இருந்தது," என்றார்.

டேப்பைப் பழையபடி சுற்றினேன், நுனியை மடித்து.
ரசீதில் எழுதியது: பழுது இல்லை. வந்துபோன கூலி மட்டும்.
நனூலிக்கு என்ன எழுதுவதென்று லிஃப்ட்டில் யோசித்தேன்.
இறங்குவதற்கு நாணயம் வேண்டாம்,
அதனால் சீக்கிரம் தரை வந்துவிடுகிறது.